புதுப்பிப்பு: பைக் திணறலுக்குக் காரணம் ஸ்பார்க் பிளக்தான்

போன வாரம் எழுதியிருந்தேனே, காலையில் நாலைந்து உதைக்கு அப்புறம்தான் பைக் கிளம்புகிறது, பிகேஇ (சிங்கப்பூரின் புக்கிட் தீமா விரைவுச்சாலை) மேட்டில் திணறுகிறது என்று. பட்டறையில் கார்புரேட்டரையே மாற்றச் சொன்னார்கள். நல்லவேளை, "முதல்ல பிளக்கைக் கழட்டிப் பாருங்கண்ணே" என்று இங்கே ஒரு தம்பி சொன்னதைக் கேட்டேன்.

ஞாயிறன்று புளோக் கார்பார்க்கில், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தருகிற அந்த பிளக்கைக் கழற்றினேன். நடு முனையின் விளிம்பு தேய்ந்து உருண்டை. அதற்கும் பக்க முனைக்கும் இடைவெளி 1.1 மி.மீ.; கையேட்டில் 0.8 முதல் 0.9தான். இடைவெளி கூடினால் பொறி தாண்ட அதிக மின்னழுத்தம் வேண்டும், பாவம், அதுதான் தடுமாறியிருக்கிறது.

அதே எண் போட்ட புது என்ஜிகே பிளக் வாங்கினேன். குழியைச் சுற்றியிருந்த மண்ணை முதலில் ஊதிவிட்டேன். மரை பிடிக்கும்வரை கையால்தான் திருகினேன்; சிலிண்டர் தலை அலுமினியம், மரை போனால் செலவு பிளக்கோடு நிற்காது. கடைசியில் வாஷர் நசுங்க ஸ்பேனரால் அரைச்சுற்று, அவ்வளவுதான்.

இன்று காலை ஒரே உதை! ஆனால் பழைய பிளக்கில் காய்ந்த கரி படிந்திருந்தது. காற்று போதாமல் பெட்ரோல் சரியாக எரியாவிட்டால் அப்படிப் படியும் என்பதால் ஏர் ஃபில்டரைத் திறந்தேன், அட, ஒரே புழுதி. அதையும் நாளைக்கு மாற்றுகிறேன்.