பேத்திக்கு அப்பா காசே தரல, பாட்டி கேஸ் போட முடியுமா?

தேனிக்காரன்:
அக்கா உடம்பு சரியில்லாம இறந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அவங்க பொண்ணுக்கு ஏழு வயசு, எங்க அம்மாதான் வளக்குறாங்க, எங்க அப்பாவோட பென்ஷன்ல. மாமா வேற கல்யாணம் பண்ணிட்டாரு, நல்ல சம்பளம், ஆனா ஸ்கூல் பீஸ்னு ஒரு ரூபா வந்ததில்ல. கேட்டா "புள்ளைய நீங்கதான வச்சிருக்கீங்க, ரொம்ப பேசினா தூக்கிட்டு போயிருவேன்"ங்கறாரு. அம்மா ஜீவனாம்சம் கேக்கலாமா? மாமாவோட அப்பாவுக்கு நிலம் நெறைய இருக்கு, அவர்கிட்ட கேக்க வழி இருக்கா?

கோர்ட்ல வேலை பாத்தவ:
தம்பி, இந்த உரிமை பாட்டியோடது இல்ல, புள்ளையோடது. அதனால பேத்திதான் மனுதாரர், அவ மைனர்ங்கறதால அவளுக்காக பாட்டின்னு போட்டு மனு போடணும். முன்னாடி குற்றவியல் நடைமுறை சட்டத்துல 125ம் பிரிவும்போம், 2024 ஜூலைலருந்து அதுக்கு பதிலா வந்த புது சட்டம் பிஎன்எஸ்எஸ்ல 144ம் பிரிவு. மறு கல்யாணம் பண்ணிட்டேன், புள்ள உங்ககிட்ட இருக்குங்கறதெல்லாம் தப்பிக்கற காரணமே இல்ல. ஆனா தள்ளிப் போடாதீங்க. 2020ல ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னபடி மனு போட்ட தேதிலருந்துதான் பணம் கணக்கு, அதே தீர்ப்புப்படி அவர் தன் சம்பளம் சொத்து எல்லாத்தையும் பிரமாணப் பத்திரத்துல காட்டியாகணும். ஆர்டருக்கு அப்புறமும் கட்டலன்னா வாரண்ட், ஒவ்வொரு மாச பாக்கிக்கும் ஒரு மாசம் வரைக்கும் ஜெயில். பாக்கிய ஒரு வருஷத்துக்குள்ள கேட்டுடணும், இத கோட்டை விட்டுட்டு வந்து அழுத பாட்டிங்கள நெறைய பாத்திருக்கேன், மனசு கேக்காது. மனு அவர் குடியிருக்கற ஊர்ல போட்டா இந்த கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லன்னு பிரச்சனை கிளப்ப மாட்டாங்க.

சேலம் வக்கீல்:
கோர்ட்ல வேலை பாத்த அம்மா மேல சொன்னது சரி. அந்த தாத்தா மேல 144ல போட முடியாது, அதுல பெத்தவங்கதான் பொறுப்பு. இந்து பராமரிப்பு சட்டம் 22ம் பிரிவுல, ஒருத்தர் இறந்தா அவர் சொத்த வாங்கின வாரிசுங்க அவர நம்பியிருந்தவங்கள பாக்கணும்னு இருக்கு, ஆனா இங்க அப்பா உயிரோட சம்பளம் வாங்கறாரே. நிலம் பூர்வீகமான்னு மட்டும் பட்டா, பத்திரம் பாருங்க, பூர்வீகம்னா பேத்திக்கே பங்கு வரலாம்.

தூக்கிட்டு போற மிரட்டல லேசா எடுக்காதீங்க சார். சட்டப்படி அவர் இயற்கை கார்டியன், கஸ்டடி மனு போட அவருக்கு உரிமை இருக்கு. ஆனா கோர்ட் முதல்ல பாக்கறது குழந்தையோட நலன். அதனால அவர் போடறதுக்கு முன்னாடி நீங்களே 1890 கார்டியன் சட்டத்துல பாட்டி பேர்ல மனு போட்டுருங்க. பீஸ் ரசீது, தடுப்பூசி அட்டை, ஆஸ்பத்திரி சீட்டு, மிரட்டின மெசேஜ் எதையும் அழிக்காதீங்க.

மதுரை மீனாட்சி:
வக்கீல் செலவுக்கு பயந்து நிக்காதீங்க தம்பி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு கோர்ட் வளாகத்துலயே இருக்கும், இல்ல 15100க்கு போன் போடுங்க. கலெக்டர் ஆபீஸ்ல குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கன்னு கேட்டு மிஷன் வாத்சல்யாங்கற மத்திய அரசு குழந்தைகள் நலத் திட்ட உதவித்தொகை பத்தியும் விசாரிங்க, வருமான வரம்பு இருக்கு, தகுதி இருந்தா மாசம் 4000 ரூபா.

தேனிக்காரன்:
ரொம்ப நன்றி. 18 வயசானா நின்னுருமா? அவ படிக்கணும்னு அம்மாவுக்கு ஆசை.

சேலம் வக்கீல்:
144ல பொதுவா 18தான். ஆனா அதே பராமரிப்பு சட்டம் 20(3)ல, கல்யாணம் ஆகாத, சொந்த வருமானம் இல்லாத பொண்ணு அதுக்கப்புறமும் அப்பாகிட்ட கேக்கலாம், அது தனி வழக்கு. இப்போதைக்கு 144 மனுவ முதல்ல போடுங்க.