அம்மம்மா லண்டன் வாறா

எங்கட குடும்பம் (குழு)

பாரிஸ் சித்தி: அண்ணா, உங்கட மகளின்ர சாமத்தியவீட்டுக்கு அம்மாவும் நானும் வர பிளேன் டிக்கெற் பாத்தனான். 9:30க்கு வெளிக்கிட்டு 9:50க்கு ஹீத்ரோ. வெறும் 20 நிமிசமோ??

சின்னவன்: இல்லைச் சித்தி. லண்டன் 1 மணித்தியாலம் பின்னுக்கு. அந்தந்த ஊர் நேரம்தான் டிக்கெற்றில போடுவினம். உண்மையில 1 மணி 20 நிமிசம். திரும்பி வரேக்க 2 மணிக்கு மேல காட்டும், பயப்பிடாதேங்கோ

அம்மம்மா: எவ்வளவு தூரம் அப்பன்

சின்னவன்: நேர்கோட்டில 344 கிலோமீற்றர் அம்மம்மா

ஹரோ மாமா: யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்புக்கு றோட்டால கிட்டத்தட்ட 400 அம்மா. அதிலும் கிட்ட

அம்மம்மா: இரவிரவா பஸ்ஸில போன தூரம் 🙏

சின்னவன்: சித்தி, ரெயினில வாங்கோவன். உங்கட லா கூர்னேவில RER B லோக்கல் ரெயின் ஏறினா ஒரு பக்கம் ஏயார்போட், மற்றப் பக்கம் 10 நிமிசத்தில கார் து நோர் ஸ்ரேசன். அங்கயிருந்து 2 மணி 20 நிமிசத்தில லண்டன் சென் பன்கிராஸ் ஸ்ரேசன்

ஹரோ மாமா: பிளேன்தானே கெதி? ஹீத்ரோ எனக்குக் கிட்ட. கார் கொண்டு வாறன்

சின்னவன்: பறக்கிறது மட்டும்தான் கெதி மாமா. ஏயார்போட்டுக்கு 2 மணித்தியாலம் முன்னம் போகோணும். ஹீத்ரோவுக்கு மேல சில நேரம் வட்டமடிக்க விடுவாங்கள். இறங்கினா இமிகிரேசன், பெட்டி, பிறகு உங்கட கார். வீட்டு வாசல்ல இருந்து வாசலுக்கு 5 மணித்தியாலம் தாண்டும். ரெயின் எண்டா நாலரை. லாபம் பெரிசில்லை, ஆனா அம்மம்மாவின்ர முழங்காலுக்கு நடை குறைவு. பிரிட்டிஷ் இமிகிரேசனும் பாரிஸிலயே முடியும். இஞ்ச இறங்கினா நேர வெளிய வரலாம்

பாரிஸ் சித்தி: அம்மா நல்லெண்ணெய்ப் போத்தல் கொண்டு வரோணுமாம், காலுக்குப் பூச

சின்னவன்: ரெயினில 100 மில்லி சட்டம் இல்லை, தாராளமாக் கொண்டு வரலாம். நெய், ஆட்டிறைச்சி மட்டும் வேண்டாம். 2025 ஏப்ரலில இருந்து ஐரோப்பாவில இருந்து கொண்டு வரேலாது. பிரெஞ்சுப் பாஸ்போட்டுக்கும் இப்ப ஈ.டி.ஏ எண்ட பயண அனுமதி முன்னமே எடுக்க வேணும் சித்தி, ரெண்டு பேருக்கும் இண்டைக்கே போடுங்கோ

பாரிஸ் சித்தி: ஓம் ராசா, போடுறன்

அம்மம்மா: ரெயினில கடல் தெரியுமோ

சின்னவன்: தெரியாது அம்மம்மா. கடலுக்கு அடியால 38 கிலோமீற்றர் சுரங்கம். இருட்டுத்தான், 20 நிமிசம்

அம்மம்மா: பிளேனில

ஹரோ மாமா: முகில் இல்லாட்டித் தெரியும் அம்மா

அம்மம்மா: எனக்குக் கடல் பாக்கோணும். ஊரில வாசல்ல நிண்டாத் தெரியும். இஞ்ச வந்து 11 வருசம், ஒருக்காலும் காணேல்லை

பாரிஸ் சித்தி: அம்மா 😢 ஏன் சொல்லேல்லை

சின்னவன்: அப்ப வாறது ரெயின், திரும்பிப் போறது பிளேன். வீல்செயாருக்கு 48 மணித்தியாலம் முன்னம் சொல்லோணும், நான் பதியுறன். காசு இல்லை

ஹரோ மாமா: ஹீத்ரோவுக்கு நான் கூட்டிக்கொண்டு போறன். டிக்கெற் காசும் என்ர

அம்மம்மா: ஜன்னல் பக்கம் போடு அப்பன்