நல்லதண்ணி விடுதியின் இணையத்தளமும் அத்தையின் கொப்பியும்

குழு: எங்கள் குடும்பம்

மாமா: பிள்ளைகளே, நம்முடைய விடுதிக்கு இணையத்தளம் செய்து எட்டு மாதங்கள் ஆகிவிட்டன. டிசம்பர் பௌர்ணமிப் போயாவுடன் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் தொடங்கப் போகிறது. ஆனால் தளத்தைப் பார்த்துத்தான் வந்தோம் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. செய்து தந்தவரிடம் கேட்டால், "ஹட்டன் தங்குமிடம்" என்ற தொடரை இன்னும் அதிகமாகச் சேர்க்க வேண்டும் என்கிறார். அதற்குத் தனியாகப் பணமும் கேட்கிறார். மருமகளே, நீ இந்த வேலையில் இருப்பவள். ஒருமுறை பார்த்துச் சொல்லம்மா.

நான்: பார்த்தேன் மாமா. முதற்பக்கத்தில் மட்டும் அந்தத் தொடர் 31 முறை இருக்கிறது. அதற்குக் கீழே வெற்றிடமாகத் தெரியும் பகுதியை விரலால் அழுத்தித் தெரிவு செய்தபோது, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அதே தொடர் இன்னும் இரண்டு பந்திகளுக்கு நிறைந்திருந்தது. ஒரே சொல்லைத் திணிப்பதும், படிப்பவர் கண்ணுக்கு மறைத்துத் தேடுபொறிக்கு மட்டும் எழுத்தைக் காட்டுவதும் கூகுளின் ஸ்பேம் கொள்கைகள் தடுப்பவை. இதனால் தளம் பின்னுக்குத் தள்ளப்படலாம், தேடல் முடிவுகளிலிருந்தே நீக்கப்படவும் கூடும். தயவுசெய்து இதற்காக இனி ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

தம்பி: பக்கத்தின் உள்நிரலில் மெட்டா கீவேர்ட்ஸ் என்ற இடத்திலும் நாற்பது, ஐம்பது சொற்களைப் போட்டிருக்கிறார்களே அக்கா, அதுவாவது பயன்படுமா?

நான்: பயன்படாது. அந்த வரியைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது.

மாமா: அப்படியென்றால் சொற்களே தேவையில்லை என்கிறாயா?

நான்: சொற்கள் மிகவும் தேவை மாமா. ஆனால் ஒரே சொல் அல்ல, அதனோடு உறவுள்ள பல சொற்கள். நம் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் சிவனொளிபாதமலை என்கிறோம், சிங்களவர் ஸ்ரீ பாத என்கிறார்கள், வெளிநாட்டார் ஆடம்ஸ் பீக் என்று தேடுகிறார்கள். மலை ஒன்று, தேடுகிறவர்கள் மூன்று விதம். நம் தளத்தில் இந்த மூன்று பெயர்களில் ஒன்றுகூட இல்லை! மலையடிவாரத்தில் விடுதியை வைத்துக்கொண்டு மலையின் பெயரையே எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

நான்: இன்னொன்றும் இருக்கிறது. நல்லதண்ணியை வெளிநாட்டார் டல்ஹவுசி என்றுதான் வழிகாட்டி நூல்களில் படிக்கிறார்கள். அதே பெயரில் இந்தியாவின் இமாச்சலப் பிரதேசத்திலும் ஒரு மலை நகரம் இருக்கிறது, அதுவே பெரிதும் அறியப்பட்டது. ஹட்டன் என்றாலோ லண்டனில் ஹட்டன் கார்டன் இருக்கிறது. டல்ஹவுசி விடுதி என்று மட்டும் எழுதினால், எந்த டல்ஹவுசி என்பதைத் தேடுபொறி எதைக்கொண்டு அறியும்? பக்கத்தில் மஸ்கெலியா, ஹட்டன் புகையிரத நிலையம், சிவனொளிபாதமலை, தேயிலைத் தோட்டம், இலங்கை ஆகிய சொற்கள் இயல்பாக அமைந்திருந்தால், அவை ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லி இது நம்முடைய ஊர்தான் என்று உறுதிப்படுத்தும். தொடர்புடைய தேடற்சொற்கள் செய்யும் வேலைகளில் இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

தம்பி: சொல்லின் எழுத்தை மட்டும் பொருத்திப் பார்க்கும் காலம் போய்விட்டது என்று வகுப்பில் சொன்னார்கள்.

நான்: உண்மைதான். 2013இல் ஹம்மிங்பேர்ட், 2015இல் ரேங்க்பிரெய்ன், 2019இல் பெர்ட் என்று கூகுள் கொண்டுவந்த மாற்றங்கள், தேடுகிறவர் எதை நினைத்துக் கேட்கிறார் என்பதைப் புரிந்துகொள்ளும் திசையிலேயே சென்றன. ஆகவே "தங்குமிடம்", "விடுதி", "அறை" ஆகியவை ஏறக்குறைய ஒன்றே என்பது அதற்குத் தெரியும். மூன்றையும் வலிந்து அடுக்கத் தேவையில்லை.

மாமா: அந்த ஆள் எல்.எஸ்.ஐ. கீவேர்ட் பட்டியல் என்று, தொடர்புடைய சொற்களின் பட்டியல் ஒன்றையும் விலைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

நான்: வாங்க வேண்டாம் மாமா. எல்.எஸ்.ஐ. (லேட்டன்ட் செமான்டிக் இன்டெக்சிங்) என்பது இணையம் பரவுவதற்கு முன்னர், 1980களின் பிற்பகுதியில், ஆவணங்களைத் தேடுவதற்காக உருவான ஒரு முறையின் பெயர். எல்.எஸ்.ஐ. கீவேர்ட் என்று எதுவுமே இல்லை என்று கூகுளின் ஜான் முல்லர் 2019இல் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். தொடர்புடைய சொற்களைப் பார்க்கக் காசே வேண்டாம். கூகுளில் ஆடம்ஸ் பீக் என்று தட்டச்சு செய்யத் தொடங்கினால் அதுவே எடுத்துத் தரும் தொடர்களையும், முடிவுப் பக்கத்தின் அடியில் வரும் தொடர்புடைய தேடல்களையும் குறித்துக்கொண்டால் போதும்.

தம்பி: அக்கா, ஒரு யோசனை. சிவனொளிபாதமலை, ஸ்ரீ பாத, ஆடம்ஸ் பீக் என்று பெயருக்கு ஒரு பக்கமாக மூன்று ஆங்கிலப் பக்கங்கள் செய்தால் என்ன?

நான்: பெயரை மட்டும் மாற்றி ஒரே செய்தியை மூன்று பக்கங்களில் போட்டால் அவை ஒன்றோடொன்று மோதும், தேடலில் ஆட்களைப் பிடிப்பதற்கென்றே செய்யும் வாசல் பக்கங்கள் என்று கருதப்பட்டுத் தளத்துக்கே கேடாகவும் முடியலாம். ஆங்கிலத்தில் ஒரே பக்கம் போதும்: தலைப்பில் ஆடம்ஸ் பீக், முதற்பந்தியில் மற்ற இரண்டு பெயர்கள். தமிழிலும் சிங்களத்திலும் உண்மையாகவே எழுதிய தனிப் பக்கங்கள் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். எந்தப் பக்கம் எந்த மொழிக்கு என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஹ்ரெஃப்லாங் குறியீட்டால் அவற்றை இணைத்துவிட்டால் அவரவர் மொழிப் பக்கம் அவரவருக்குப் போய்ச் சேரும். நம் யாத்திரிகர்களுக்குத் தமிழில் ஒரு நல்ல பக்கம் இருக்க வேண்டும் என்பது என் ஆசையும்கூட.

அத்தை: இவ்வளவையும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு இந்தத் தொழில்நுட்பம் விளங்காது. ஆனால் தொலைபேசியில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது நான்தானே? இரவு எத்தனை மணிக்கு ஏறத் தொடங்க வேண்டும், எத்தனை படிகள், வயதானவர்கள் ஏறலாமா, ஹட்டனில் இறங்கினால் பஸ் கிடைக்குமா, சுடுதண்ணீர் இருக்குமா, இப்படித்தான் ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். மறந்துவிடக் கூடாதென்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

நான்: அத்தை! நாம் தேடும் சொற்களெல்லாம் அந்தக் கொப்பியில்தான் இருக்கின்றன. தொலைபேசியில் கேட்பதைத்தான் மற்றவர்கள் கூகுளில் தட்டச்சு செய்கிறார்கள். சூரிய உதயம், 5,000க்கும் மேற்பட்ட படிகள், அதிகாலை இரண்டு மணி, வெசாக் போயாவுக்குப் பிறகு வழிவிளக்கு இருக்காது, மழைக்காலம், ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக வரும் பஸ், இவற்றையெல்லாம் நீங்கள் பதில் சொல்லும் விதத்திலேயே எழுதினால், தொடர்புடைய சொற்கள் தாமாகவே உரிய இடத்தில் வந்து அமரும். தனியாகத் தேடித் திணிக்க வேண்டியதில்லை.

மாமா: எங்கிருந்து தொடங்கலாம்?

நான்: முதலில் வெள்ளை எழுத்து முழுவதையும் தம்பி அழிக்கட்டும். பிறகு கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் தளத்தை இணைப்போம். எந்தெந்தச் சொல்லுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பதை அது பதினாறு மாதங்கள் வரை வைத்திருக்கும். காட்டப்பட்டும் அழுத்தப்படாத சொற்கள் எவை என்று பார்த்து அந்தப் பகுதிகளைத் திருத்துவோம். பலன் தெரிய வாரங்கள் ஆகும், சில வேளை மாதங்களும் ஆகலாம், அதனால் இந்த வாரமே தொடங்கிவிடுவது நல்லது.

தம்பி: இன்று இரவே அழித்துவிடுகிறேன்.

அத்தை: கொப்பியின் முதல் நான்கு பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். அடிக்கடி வந்த கேள்விகளுக்குப் பக்கத்தில் கோடு போட்டிருக்கிறேன். மழைக்காலத்தில் அட்டை கடிக்குமா என்பதற்கு மட்டும் பதினொரு கோடுகள்.

நான்: அட்டையைப் பற்றி நம் தளத்தில் ஒரு வரிகூட இல்லை அத்தை. கடிக்காமலிருக்க நீங்கள் என்ன செய்யச் சொல்வீர்கள் என்பதைக் குரல் பதிவாக அனுப்புங்கள். அதையே ஓர் உபதலைப்பின் கீழ் எழுதிவிடுகிறேன்.