பில்ஜ் கீல்: ‘பக்க ஏரா’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

சிறு மோட்டார் படகின் ஆட்டத்தைக் குறைப்பது பற்றிய குறிப்பைத் தமிழாக்கும் நண்பர், படகின் அடியில் இருபுறமும் ஆட்டத்தைக் குறைக்க வைக்கும் பட்டையான பில்ஜ் கீலுக்கு ‘பக்க ஏரா’ என்று சொல்லலாமா எனக் கேட்டிருந்தார். படகின் அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் கீலுக்கு ஏரா நல்ல சொல். வேறு சொல் தேடவே வேண்டாம். ஆனால் இந்த உறுப்புக்கு வைத்தால் படிப்பவருக்குத் தவறான படம் கிடைக்கும்.

ஏரா படகின் முதுகெலும்பு. வங்குகள், அதாவது படகின் உட்புறச் சட்டங்கள், அதன்மேல்தான் நிற்கின்றன. பில்ஜ் கீல் எதையும் தாங்குவதில்லை. அடிப்பகுதி வளைந்து பக்கமாக ஏறும் இடத்தில், இருபுறமும் நீளவாக்கில் துருத்தி நிற்கும் பட்டை அது. படகு சாயும்போது பட்டை நீரைத் தள்ளுகிறது, விளிம்பில் சுழிகள் கிளம்புகின்றன, ஆட்டத்தின் ஆற்றல் அந்தச் சுழிகளில் கரைந்துவிடுகிறது. படகு நங்கூரமிட்டு நிற்கும்போதும் இது நடக்கும். எங்காவது இடித்தால் பட்டை பிய்ந்து போகட்டும், அடியில் ஓட்டை விழக்கூடாது என்று, கப்பல்களில் இதன் இணைப்பை வேண்டுமென்றே வலுக்குறைவாக வைப்பார்கள். முதுகெலும்பை யாரும் அப்படிப் பொருத்த மாட்டார்கள்.

தவிர, நீர் வற்றும்போது இரண்டு ஏராக்களை ஊன்றி நிமிர்ந்து நிற்கும் பாய்மரப் படகுகள் இருக்கின்றன. ‘பக்க ஏரா’ அவற்றுக்கே பொருந்தும்.

என் பரிந்துரை: விலாச்செட்டை. மீனின் துடுப்பைச் செட்டை என்பது வழக்கில் இருப்பதுதான். துடுப்பு என்றே சொன்னால் படகு வலிக்கும் துடுப்போடு குழம்பும், அதுவும் படகைப் பற்றிய கட்டுரையில்! விலா என்றால் உள்ளே இருக்கும் சட்டங்கள் என்று நினைத்துவிட மாட்டார்களா என ஒருவர் கேட்டார். அவற்றுக்குத்தான் வங்கு இருக்கிறதே. ‘ஆட்டத்தடைப் பட்டை’ பொருளில் சரிதான், ஆனால் ஒரு பத்தியில் நான்கு முறை வந்தால் வாய் வலிக்கும்.

அப்புறம், ரோலிங், அதாவது படகு பக்கவாட்டில் ஆடுவது. ‘உருளல்’ வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். சக்கரம் உருளும், பந்து உருளும். இரண்டும் முழுச்சுற்று சுற்றுகின்றன. படகு சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்கிறது. உருண்டால் கவிழ்ந்தது என்றல்லவா பொருள்? ‘சாய்வாட்டம்’ என்று வைத்தால் விளக்கமே தேவைப்படாது. மூக்கு ஏறி இறங்குவதற்கு ‘முன்பின்னாட்டம்’ என்று இணையாக வைக்கலாம், இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள். ஆட்டத்தை அடக்கும் டேம்பிங்குக்குத் ‘தணிப்பு’ போதும்.

நண்பரின் வரிகளில் பொருத்திப் பார்த்தேன்: ‘விலாச்செட்டையை அகலமாக்கினால் சாய்வாட்டம் தணியும். செட்டை நீரோட்டத்தின் போக்கில் அமைய வேண்டும். கோணலானால் படகின் வேகம் குறையும். படகின் முழு அகலத்தைத் தாண்டி அது வெளியே நீளக்கூடாது.’

எனக்குத் தடங்கல் இல்லாமல் படிக்க முடிகிறது. படகு கட்டும் பழக்கம் உள்ளவர்கள் யாராவது வாய்விட்டுப் படித்துப் பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.