வேர்ட் கோப்புகளுக்கு கிட் சரிவருமா, வேறு ஏதாவது பார்க்கலாமா?

மெய்ப்புமேசை:
வணக்கம் நண்பர்களே. சின்னப் பதிப்பகம், மூன்று பேர் மெய்ப்புப் பார்க்கிறோம், எல்லாம் வேர்டில்தான். ஒரே அத்தியாயத்துக்கு "இறுதி", "இறுதி_திருத்தியது", "இறுதி_இதுதான்" என்று கோப்புகள் குவிந்து, எதை அச்சுக்கு அனுப்புவது என்பதே குழப்பம். கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளைப் போடுங்கள் என்றார்கள், போட்டேன். எதை மாற்றினாலும் "பைனரி கோப்பு, வேறுபடுகிறது" என்பதற்கு மேல் வாயே திறக்க மாட்டேன் என்கிறது. எங்களில் யாரும் புரோகிராமர் இல்லை.

கட்டளைவரி:
வேர்ட் சேமிக்கும் டாக்எக்ஸ் (.docx) என்பது எக்ஸ்எம்எல் என்ற வகைக் கோப்புகளைப் போட்டுச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப், அதனால்தான் கிட்டுக்கு உள்ளே இருப்பது தெரிவதில்லை. கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பாண்டாக் (Pandoc) நிறுவி, கிட் அதை வைத்து எழுத்தை மட்டும் உருவி ஒப்பிடும்படி அமைக்கலாம். ஆனால் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும், முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இன்னொன்று, இது பார்க்க மட்டுமே. இரண்டு பேர் ஒரே அத்தியாயத்தில் கைவைத்தால் கிட் சேர்த்துத் தராது.

மெய்ப்புமேசை:
அதுதான் சார் எங்கள் தலைவலியே! ஒருவர் திருத்தத்தின் மேல் இன்னொருவர் சேமித்துவிடுகிறார்.

பழைய எஸ்விஎன்காரன்:
அப்படியென்றால் கிட்டை விடுங்கள். உங்களுக்கு வேண்டியது பூட்டு. கிட் மாதிரியே மாற்றங்களைப் பதியும் எஸ்விஎன்னுக்கான விண்டோஸ் மென்பொருள் டார்ட்டாய்ஸ் எஸ்விஎன் (TortoiseSVN) போட்டு, கோப்புகளுக்கு "நீட்ஸ் லாக்" பண்பை வைத்துவிட்டால், பூட்டு வாங்காதவரை கோப்பு ரீட் ஒன்லியாகத்தான் திறக்கும். ஒருவர் வாங்கிவிட்டால் அடுத்தவருக்குக் கிடைக்காது, திருத்தியதைக் கமிட் செய்ததும், அதாவது பொதுச் சேமிப்பில் பதிந்ததும், தானாக விடுபடும். எல்லாம் ரைட் கிளிக்தான், கட்டளை எதுவும் அடிக்க வேண்டாம். டிஃப் (இரண்டு பதிப்புகளை ஒப்பிடு) கொடுத்தால் வேர்டையே திறந்து அதன் ஒப்பிடும் வசதியில் மாற்றங்களைக் காட்டும், பாமினியும் பாமினியாகவே தெரியும். வேர்ட் திறந்திருக்கும்போது டில்டே, டாலர் குறியோடு (~$) ஒரு தற்காலிகக் கோப்பு முளைக்கும், அதை எஸ்விஎன் கண்டுகொள்ளாமல் விடும் இக்னோர் பட்டியலில் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது அதையும் கமிட் செய்து வைப்பார்கள்.

மேகக்கூட்டம்:
மூன்று பேருக்கு இவ்வளவு எதற்கு? ஒன்டிரைவில் போட்டால் பழைய பதிப்புகள் தானாக இருக்கும், ஒரே நேரத்தில் எல்லோரும் திருத்தலாம். கூகுள் டிரைவ் என்றால் கவனம், டாக்எக்ஸாகவே வைத்திருந்தால் 30 நாளிலோ 100 பதிப்பு தாண்டியோ பழையது அழிந்துவிடலாம். வேண்டிய பதிப்பை நிரந்தரமாக வைக்கச் சொல்லிக் குறித்துவிட வேண்டும்.

மெய்ப்புமேசை:
இங்கே இணையம் நம்பி இருக்க முடியாது, அதனால் எஸ்விஎன். எல்லாப் பதிப்புகளும் சேரும் ரெபாசிட்டரியை எங்கள் ஆபீஸ் ஷேர்டு ஃபோல்டரில் வைத்துக்கொள்ளலாமா அண்ணா?

பழைய எஸ்விஎன்காரன்:
வேண்டவே வேண்டாம், கெட்டுப்போக வாய்ப்புண்டு. ஒரு கணினியில் எஸ்விஎன் சர்வர் ஓடவிட்டு மற்ற இரண்டையும் அதோடு இணையுங்கள். பேக்கப் தனியாக எடுங்கள்.