சீர்காழி வீடு (குடும்பக் குழு)

கவிதா: பெரியப்பா, நாளை ஆகஸ்ட் 12, நிலாவுக்குப் பள்ளியில் நூலகர் தினப் பேச்சு. இரண்டே நிமிஷம். இந்திய நூலகத் துறை முன்னோடி ரங்கநாதன் பற்றி நாலு வரி அனுப்புங்களேன். நம்ம ஊர்க்காரர் என்று டீச்சரிடம் பெருமை அடித்துவிட்டாள்.

சுமதி அத்தை: யாரிடம் கேட்டிருக்கிறாள் பார் 😀

பெரியப்பா: நிலாக்குட்டிக்கு ஆசிகள். 1892இல் சீர்காழியில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். வேலை பிடிக்கவில்லை. வகுப்புக்கே போகிறேன் என்றார். முதலில் லண்டன் போய்ப் படித்து வா, அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு கடையில் மெக்கானோ பார்த்தார். அதே துண்டுகளை மாற்றிப் பூட்டினால் வேறு பொம்மை. புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டுகளாக்கி, எண் கொடுத்து, கோலன் (:) குறியால் பூட்டலாமே என்று தோன்றியது. 1933இல் வந்த கோலன் பகுப்புமுறை அப்படிப் பிறந்தது. (தொடரும்)

குமார்: தொடருமா 🙏

சுமதி அத்தை: மல்லி டப்பாவில் நம்பர் ஒட்டினீர்களே, அந்த முறையா அண்ணா? அண்ணி இன்னும் தேடுகிறார்.

பெரியப்பா: அது டூயி, அமெரிக்கரின் வேறு பகுப்புமுறை. கேளுங்கள். எல்லோரும் ரங்கநாதன் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளோடு நிறுத்திவிடுகிறார்கள், அவர் பத்திரிகை ஆசிரியராகவும் இருந்ததை மறந்துவிடுகிறார்கள். இந்திய நூலகச் சங்கத்தின் இதழ் 'அப்கிலா', ஒரே அட்டைக்குள் மூன்று பகுதி. 1954இல் டெல்லி இன்ஸ்டாக் என்ற அறிவியல் ஆவண மையத்திலிருந்து 'அன்னல்ஸ் ஆஃப் லைப்ரரி சயன்ஸ்'. எழுபதைத் தாண்டிய பிறகு, 1964இல், பெங்களூரிலிருந்து இன்னொன்று. புதுத் துறை முளைத்தால் எந்த எண் போடுவது என்று ஊருக்கு ஒரு நூலகர் தனியாக மண்டையைப் பிய்த்துக்கொள்ளக் கூடாது, அதற்குத்தான் பத்திரிகை. எங்கள் சங்க இதழுக்கு நான் புரூஃப் பார்த்த காலத்தில், கோலன் இருக்கவேண்டிய இடத்தில் கம்பாசிட்டர் முற்றுப்புள்ளி கோத்திருப்பார். ஒரு குறி மாறினாலும் புத்தகம் வேறு இடத்துக்குப் போய்விடும். கட்டுரை தருகிறேன் என்றவர்களுக்குக் கார்டு போட்டே

ரவி: பெரியப்பா, குறுக்கே பேசுகிறேன். செவ்வாய் பெயிண்டர் வருகிறார். பரணில் இருக்கும் இதழ் மூட்டைகளை யார் இறக்குவது?

சுமதி அத்தை: பழைய பேப்பர்காரர்

பெரியப்பா: போன முறை எடைக்குப் போட்டதில் இரண்டு வால்யூம் போயிற்று. பெயர் சொல்ல விரும்பவில்லை.

சுமதி அத்தை: தாராளமாகச் சொல்லுங்கள். அம்மா சொன்னார், போட்டேன். பரண் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லையே.

கவிதா: நிலா பேச்சு???

குமார்: லைப்ரரிக்குக் கொடுத்துவிடலாமே

பெரியப்பா: முதலில் பட்டியல் போட வேண்டும்.

ரவி: செவ்வாய்க்குள்ளா 😐

கவிதா: மெக்கானோ மட்டும் வைத்துக்கொள்கிறேன் பெரியப்பா. லெகோவா என்று கேட்கிறாள்.

பெரியப்பா: இல்லவே இல்லை. ஓட்டை போட்ட தகடு, நட்டு, போல்ட். பத்திரிகை விஷயத்தையும் ஒரு வரி சேர்.

கவிதா: பார்க்கிறேன் பெரியப்பா

ரவி: மூட்டையை ஞாயிறு பேசலாம். பெயிண்டருக்கு அட்வான்ஸ் யார் போடுகிறீர்கள்?

குமார்: 👍

ரவி: 👍 என்றால் நீயா?