விர்ஜீனியா அணியின் பேக் லைன்: கண் எங்கே இருக்க வேண்டும்?

ஆரஞ்சுநீலம்:

விர்ஜீனியா பல்கலைக்கழக ஆண்கள் பாஸ்கட்பால் அணியைப் பயிற்சியாளர் டோனி பென்னெட் காலத்திலிருந்து விடாமல் பார்ப்பவர்களிடம் ஒரு கேள்வி. 2018 மார்ச் 16 அன்று சார்லட் நகரில் யுஎம்பிசி (மேரிலாண்ட் பல்கலைக்கழகம், பால்டிமோர் கவுண்டி) நம்மை 74-54 என்று வீழ்த்தியது. ஆண்கள் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரிகள்) போட்டியில் 16-ஆம் தரவரிசை அணி முதல் தரவரிசை அணியை வென்றது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு ஏப்ரல் 8 அன்று அதே பயிற்சியாளர், அதே பேக் லைன் என்ற தற்காப்பு முறை (டிஃபன்ஸ்), டெக்சாஸ் டெக்கைக் கூடுதல் நேரத்தில் 85-77 என்று வென்று பட்டம். இதைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் மனவுறுதி என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஆடுகளத்தில் எது மாறியது? ஆட்டம் பார்க்கும்போது எதைக் குறித்துவைக்க வேண்டும்? கேமரா பந்தையே துரத்துவதால் மற்ற நான்கு பேர் என்ன செய்கிறார்கள் என்று பிடிபடவே மாட்டேன் என்கிறது.

பதினாறடி:

முதலில் பேக் லைன். இதை வடிவமைத்தவர் டோனியின் தந்தை டிக் பென்னெட். கூடையிலிருந்து சுமார் 16, 17 அடியில் ஒரு வளைகோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பந்து வைத்திருப்பவரை ஒருவர் மட்டும் கோட்டுக்கு வெளியே வந்து நெருக்குவார். மற்ற நால்வரும் உள்ளே. பக்கத்து ஆளுக்குப் போகும் பாஸை மறிக்க மாட்டார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டு, டிரைவ் (பந்தைத் தட்டிக்கொண்டு கூடையை நோக்கிப் பாய்வது) வரும் இடைவெளியை அடைத்து நிற்பார்கள்.

அதனால் பந்தைப் பார்க்காதீர்கள். பந்து வலப்பக்கம் இருக்கும்போது இடப்பக்கக் காவலர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். பாஸ் காற்றில் இருக்கும்போதே அவர் கிளம்பிவிட்டாரா, அல்லது பந்து கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அசைகிறாரா? மொத்த டிஃபன்ஸும் அந்த அரை நொடியில்தான் இருக்கிறது. ஓடிவந்து கடைசி இரண்டு அடித் தூரத்தைச் சின்னச் சின்ன எட்டாக வைத்து, கை உயர்த்தி நிற்க வேண்டும். நீட்டி ஓடி வந்தால் ஒரு பம்ப் ஃபேக்கில் (ஷாட் போடுவதுபோல் பாசாங்கு) ஆள் காலி.

இன்னும் மூன்று. பிக் அண்ட் ரோல் (ஒருவர் காவலரை உடலால் மறித்துவிட்டுக் கூடை நோக்கி ஓடுவது) வந்தால் நம் பெரிய ஆள் வெளியே பாய்ந்து பந்தைத் தட்டிவருபவரைத் திசைதிருப்பிவிட்டு ஓடித் திரும்புவார். போஸ்ட்டில் (கூடையருகே) பந்து விழுந்தால் இன்னொரு பெரிய ஆள் வந்து இருவராக மடக்குவார்கள். நம் ஷாட் கிளம்பியதும் பெரும்பாலானோர் ரீபவுண்டை (தவறி எகிறும் பந்தை) விட்டுவிட்டுப் பின்னால் ஓடுவார்கள், எதிரணிக்கு ஓட்டத்தில் எளிதான கூடை கிடைக்கக்கூடாது என்பதற்காக.

யுஎம்பிசி இதை எப்படி உடைத்தது? சின்ன, வேகமான ஆட்கள் ஐவரையும் அகலமாக நிறுத்தி, போஸ்ட்டைக் காலியாக வைத்தார்கள். ஜைரஸ் லைல்ஸ் தன்னைக் காத்தவரை நேராகக் கடந்துவிட்டார். அவருக்கு 28 புள்ளி. முதல் ஆள் தோற்றுவிட்டால் இரண்டாவது ஆள் உதவிக்குப் போயே ஆக வேண்டும், மூலையில் ஒருவர் தனியாக நிற்பார். நீளமான கைகளால் அந்த ஓட்டையை அடைக்கக்கூடிய டியாண்ட்ரே ஹன்டர் மணிக்கட்டு முறிந்து வெளியே இருந்தார். இடைவேளையில் 21-21. அந்தப் பருவத்தில் அதுவரை ஒரு முழு ஆட்டத்துக்குச் சராசரியாக 54 புள்ளிகூட விடாத அணி, இரண்டாம் பாதியில் மட்டும் 53 விட்டது.

ஏட்டுக்கணக்கு:

மெதுவாக ஆடும் அணிக்கு ஸ்கோர் ஏமாற்றும். பொசஷன் (ஒரு அணிக்குப் பந்து கிடைக்கிற ஒவ்வொரு முறையும்) கணக்கு போட்டே ஆகணும். பாக்ஸ் ஸ்கோர்ல (ஆட்டத்தோட புள்ளிவிவரப் பட்டியல்) இருந்து: ஷாட் முயற்சி, அதுல இருந்து தாக்குதல் ரீபவுண்டைக் கழிக்கணும், டர்ன்ஓவரைக் (ஷாட் போடாமலே பந்தை இழக்கிறது) கூட்டணும், ஃப்ரீ த்ரோ முயற்சியை 0.475-ஆல் பெருக்கிக் கூட்டணும். உதாரணத்துக்கு 50 ஷாட், 8 ரீபவுண்ட், 9 டர்ன்ஓவர், 16 ஃப்ரீ த்ரோன்னா 50-8+9+7.6 = 58.6 பொசஷன். அதுல 63 புள்ளின்னா ஒரு பொசஷனுக்கு 1.08. 63-ங்கிற எண் சுமாராத் தெரியும், ஆனா இது நல்ல தாக்குதல்.

நோட்டுல குறிக்கும்போது நாலே நெடுக்குப் பத்தி போதும், அதுக்கு மேல வச்சா ஆட்டத்தைத் தவறவிடுவீங்க. எதிரணியின் ஒவ்வொரு பொசஷனுக்கும்: பந்து பெயின்ட்டுக்குள்ள (கூடைக்கு முன்னாடி இருக்கிற கட்டம்) போச்சா, ஷாட் போட்டப்ப 30 நொடி கடிகாரத்துல எவ்வளவு மிச்சம், மூன்று புள்ளி ஷாட்டா இருந்தா எதிர்ல கை இருந்ததா, புள்ளி எத்தனை. ஒவ்வொரு பாதியிலும் 16, 12, 8, 4 நிமிடத்துக்குக் கீழ கடிகாரம் போனதும் வர்ற முதல் நிறுத்தத்துல விளம்பர இடைவேளை வரும். அப்போ கூட்டிக்கோங்க. பாதிக்கு அஞ்சு துண்டு. பெயின்ட் தொடுதல் எந்தத் துண்டுல ஏறுதோ அங்கதான் கோட்டுல ஓட்டை விழுது, ஸ்கோர் மாறுறது அப்புறம்தான்.

ஒரு எச்சரிக்கை. எதிரணியின் மூன்று புள்ளி சதவீதத்தை வச்சு டிஃபன்ஸை எடை போடாதீங்க. ஒரு ஆட்டத்துல அதுல பெரும்பகுதி அதிர்ஷ்டம். எத்தனை முயற்சி விட்டோம், எத்தனை கை இல்லாத முயற்சிங்கிறதுதான் நம்ம கையில இருக்கு. அன்னிக்கு யுஎம்பிசி 24-க்கு 12, நாம 22-க்கு 4. வெளியிலிருந்து மட்டும் 24 புள்ளி வித்தியாசம், தோத்தது 20-ல.

அதோட, மெதுவா ஆடுறதே ஆபத்து. பொசஷன் குறைஞ்சா பலமான அணிக்குத் தன் பலத்தைக் காட்ட வாய்ப்பும் குறையும்.

மறுபந்து:

கடைசி வரியில் எனக்கு உடன்பாடில்லை. திசை சரி, அளவு மிகை. ஒரு பொசஷனுக்கு 0.15 புள்ளி மேலான அணி என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். 60 பொசஷனில் 9 புள்ளி முன்னிலை எதிர்பார்க்கலாம், 70-இல் 10.5. ஆட்டத்துக்கு ஆட்டம் வரும் ஏற்ற இறக்கம் முறையே சுமார் 12.5, 13.5 புள்ளி. வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய 76-லிருந்து 78 சதவீதம் ஆகிறது, அவ்வளவுதான். வேகத்தைக் குற்றவாளியாக்குவதால் உண்மையான காரணம் மறைந்துபோகிறது: 2018 அணிக்குப் பின்தங்கினால் துரத்தத் தெரியாது.

ஆரஞ்சுநீலம் கேட்ட "எது மாறியது" என்பதற்கு என் பதில் தாக்குதல். முன்பெல்லாம் பிளாக்கர்-மூவர்தான்: இரண்டு பெரியவர்கள் ஸ்கிரீன் போட (காவலரை உடலால் மறிக்க), மூவர் அதைச் சுற்றி ஓடுவார்கள். 2018-19-இல் தொடர் பால் ஸ்கிரீன்களை (பந்து வைத்திருப்பவருக்காகப் போடுவது) நிறையச் சேர்த்தார்கள். டை ஜெரோம் கையில் பந்து, ஹன்டர் ஆள் பார்த்து ஒருவருக்கு ஒருவர், கைல் கை (Kyle Guy) என்ற வீரர் வெளியே. டிஃபன்ஸ் உடைந்தாலும் ஈடுகட்ட முடிந்தது.

2019-இல் பட்டம் வெல்லும் வழியில் பர்டூ அணியுடன் ஆடிய ஆட்டத்தைப் பாருங்கள். கார்சன் எட்வர்ட்ஸ் பத்து மூன்று புள்ளி ஷாட்டுகளுடன் 42 அடித்தார். அதாவது கோடு மறுபடி கிழிந்தது. ஆனாலும் 80-75 என்று வென்றோம். முழுநேர முடிவில் ஜெரோமின் ஃப்ரீ த்ரோ தவற, மமாடி டியாகிட்டே பந்தைப் பின்னால் தட்டிவிட்டார். கிஹே கிளார்க் நம் பாதிக்குள் ஓடி எடுத்து நீளமாகத் திருப்பி அனுப்ப, டியாகிட்டே கடைசி மணியோடு போட்டு 70-70, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. இறுதி ஆட்டத்தில் ஹன்டர் 27 புள்ளி, கைல் கை 24. முந்தைய ஆண்டு இல்லாத மணிக்கட்டு இருந்தது என்றும் சொல்லலாம்.

ஆரஞ்சுநீலம்:

மிக்க நன்றி. பென்னெட் 2024 அக்டோபரில் விலகிவிட்டார். 2025 மார்ச்சில் வந்திருப்பவர் ரயன் ஓடம், 2018-இல் எதிர்ப் பக்கத்தில் யுஎம்பிசியை நடத்தியவரே. பேக் லைன் பார்த்துப் பழகிய கண் இனியும் உதவுமா?

பதினாறடி:

உதவும், ஆனால் குறிப்பேட்டை மாற்றுங்கள். இவருடைய அணிகள் ஆட்களை அகலமாக நிறுத்தி நிறைய மூன்று புள்ளி முயலும். நம் தாக்குதலுக்கும் அதே நான்கு பத்தியைத் திறந்து, பெயின்ட் தொட்ட பிறகு வெளியே வந்த ஷாட் எத்தனை, தொடாமலே போட்டது எத்தனை என்று பிரியுங்கள். இன்னொன்று: பட்டம் வென்ற ஆண்டு மூன்று புள்ளிக் கோடு 6.32 மீட்டரில் இருந்தது, 2019-20 முதல் 6.75. காவலர் உள்ளிருந்து வெளியே ஓட வேண்டிய தூரம் சுமார் 17 அங்குலம் கூடிவிட்டது. பழைய ஆட்டங்களையும் புதியவற்றையும் ஒப்பிடும்போது அதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்து நேரலையில் பார்ப்பதானால், அங்கே இரவு 7 மணி என்பது குளிர்காலத்தில் நமக்கு மறுநாள் காலை 5:30. மார்ச் இரண்டாம் ஞாயிறில் அங்கே கடிகாரத்தை முன்னே தள்ளிய பிறகு 4:30.